வேண்டாமென்ற ஏழு லட்சம்

எங்கள் திண்டுக்கல்லில் எதையும் விலை போட்டுப் பார்க்காமல் விட மாட்டார்கள். புகையிலைச் சிப்பத்தை அவிழ்த்து, ஒரு இலையை எடுத்து முகர்ந்து, விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்து விலை சொல்லும் வியாபாரிகள் இருந்த ஊர். மாங்காய்ப் பூட்டைக் காதருகே வைத்துச் சாவியைத் திருப்பி, உள்ளே எத்தனை லீவர் என்று சொல்லிவிடும் பட்டறைக்காரர்கள் இருந்த ஊர். இப்படிப்பட்ட ஊரில் டென்னிஸ் விளையாட்டைப் பற்றி யாரேனும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியிருப்பார்களா என்று நீங்கள் சந்தேகப்படலாம். பேசினார்கள். அதற்கும் காரணம் விலைதான்.

1959-ஆம் ஆண்டில் ராமநாதன் கிருஷ்ணன் என்ற தமிழ் இளைஞருக்கு வயது 22. ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் அவர் முன்னால் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். மூன்று வருஷம் தம்முடைய கோஷ்டியில் சேர்ந்து ஊர் ஊராக டென்னிஸ் ஆட வேண்டும். அதற்கு 1,50,000 டாலர் உத்தரவாதம். அன்றைக்கு டாலர் ஒன்றுக்கு ரூபாய் 4.76. பெருக்கிப் பார்த்தால் 7,14,000 ரூபாய் வருகிறது. சவரன் நூறு ரூபாய்க்குக் கீழே கிடைத்த காலம் அது. ஏழாயிரம் சவரனுக்கு மேல் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்குப் பத்துச் சவரன் சேர்ப்பதற்குள் தகப்பனாருக்கு முதுகு வளைந்துவிடும்.

கிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த விஷயம் எங்கள் மேற்கு ரத வீதிப் பக்கத்துப் பூட்டுக் கடை ஒன்றின் திண்ணைக்கு வந்து சேர்ந்தபோது, கடைக்காரப் பெரியவர் சாவிக்கு அரம் போடுவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "ஏந் தம்பி, அந்த வெள்ளைக்காரன் பந்து அடிக்கத்தானே கூப்பிட்டான்?"

"ஆமாம், அண்ணாச்சி."

"இப்பவும் அந்தப் பிள்ளை பந்துதானே அடிக்கிது?"

"ஆமாம்."

"அப்போ அங்கே பந்து வேறயா?"

பந்து ஒன்றுதான். வலை ஒன்றுதான். கோடுகளின் நீள அகலமும் ஒன்றுதான். இருந்தும், கிரேமரிடம் கையெழுத்துப் போட்ட மறுநாளே கிருஷ்ணன் விம்பிள்டன் வாசலுக்குள் ஆட்டக்காரராக நுழைய முடியாது. டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக மட்டையைத் தொட முடியாது. ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஆட்டத்தின் பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

டென்னிஸ் இங்கிலாந்தில் புல்தரை வைத்திருந்தவர்களின் ஆட்டமாகப் பிறந்தது. 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியபோது, ஆட வந்தவர்களுக்குச் சோற்றுக்குக் கவலை இல்லை. அவர்களுக்குக் காசு வாங்காமல் ஆடுவது கௌரவம். காசு வாங்கி ஆடுவது கூலி வேலை. இந்த எண்ணம் அவர்களோடு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. எங்கள் சமவெளியில் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலையேறிய துரைமார்கள், கொடைக்கானலில் 1887-லேயே கிளப் தொடங்கிவிட்டார்கள். கீழே ஊர்களில் கலெக்டர், முன்சீப், டாக்டர், பெரிய மிராசுதார் என்று பத்துப் பேர் சாயங்காலம் கூடுகிற இடத்தில் ஒரு கோர்ட் இருக்கும். நம் வீட்டு வாசல் மாதிரி சாணம் போட்டு மெழுகிய தரை. அதன் மேல் சுண்ணாம்புக் கோடு. அங்கே காசு வாங்குகிறவர்கள் இரண்டே பேர். பந்து பொறுக்கும் பையன் ஒருவன். இன்னொருவர் 'மார்க்கர்'. துரைக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரே நின்று ஆடிக் கொடுப்பதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள். பெரும்பாலும் அந்தக் கிளப்பிலேயே நன்றாக ஆடுகிறவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் துரை நாற்காலியில் உட்காருவார், மார்க்கர் நிற்பார்.

அமெச்சூர், புரொபஷனல் என்று இங்கிலீஷில் பிரித்தார்களே, அதன் சாரம் இந்த நாற்காலியில் இருக்கிறது.

1926-இல் ஸுஸான் லாங்லென் என்ற பிரெஞ்சுப் பெண்மணியை ஓர் அமெரிக்கக் காட்சி முதலாளி பணம் கொடுத்துத் தம்முடன் அழைத்துப் போனார். அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. விம்பிள்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவர் ஜயிக்க வேண்டியது. அடுத்த வருஷம் புரொபஷனல் முதலாளி அவரை விலை பேச வேண்டியது. டில்டன் போனார். பின்னால் கிரேமரே 1947-இல் விம்பிள்டனில் ஜயித்துவிட்டுப் போனார். பிறகு அவரே முதலாளியும் ஆனார். இருந்தவர்கள் மட்டும் காசு வாங்கவில்லையா என்றால், பிரயாணச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கணக்கெழுதி மேஜைக்கு அடியில் கைமாறியது ஊரறிந்த ரகசியம். அதிகமாக வாங்கினால் குற்றம், வெளியே தெரிந்தால் மகா குற்றம் என்பதுதான் நடைமுறையில் இருந்த சட்டம்.

ஆசியாவிலிருந்து இந்த ஆட்டத்தில் முதலில் தலை தூக்கியவர்கள் ஜப்பானியர்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கிருஷ்ணன் கதையைச் சொல்ல முடியாது. அதிலும் ஒருவருடைய கதை நம் கல்கத்தாவிலேயே தொடங்குகிறது. ஸென்ஸோ ஷிமிஸு என்று பெயர். மிட்ஸுயி கம்பெனியின் உத்தியோகஸ்தராகக் கல்கத்தாவுக்கு வந்தவர். பகலில் கம்பெனிக் கணக்கு, மாலையில் டென்னிஸ். வங்காளப் போட்டியில் திரும்பத் திரும்ப ஜயித்தார். கம்பெனி சம்பளம் கொடுத்ததால், அவர் ஆட்டத்துக்குக் காசு வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1920-இல் விம்பிள்டனுக்குப் போய், முந்தைய வருஷச் சாம்பியனை எதிர்க்க ஆளைப் பொறுக்கும் பந்தயத்தின் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார். அங்கே அவரைத் தோற்கடித்தவர் டில்டன்.

மறுவருஷம் டேவிஸ் கோப்பை. இந்தியா அந்தப் போட்டியில் முதன்முதலாகக் கலந்து கொண்டது அப்போதுதான். பிரான்ஸை வென்றது, பிறகு சிகாகோ அருகே ஜப்பானிடம் 0-5 என்று தோற்றது. கல்கத்தாவில் பழகிய கை இந்தியாவை அடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஜப்பான் மேலும் முன்னேறிக் கோப்பைக்கான கடைசிச் சுற்றில் அமெரிக்காவை எதிர்த்தது. அங்கே டில்டனுக்கு எதிராக ஷிமிஸு முதல் இரண்டு செட்டையும் எடுத்துக் கொண்டு, மூன்றாவதில் வெற்றிக்கு இரண்டே புள்ளி தூரத்தில் நின்றார். அந்த இரண்டு புள்ளி கிடைக்கவில்லை. 7-5, 6-4 என்று தொடங்கிய ஆட்டம் 5-7, 2-6, 1-6 என்று முடிந்தது.

ஷிமிஸு தோற்ற பிறகும் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது, கம்பெனியில். ஜிரோ ஸாட்டோவுக்கு அதுவும் இல்லை. 1932, 1933 இரண்டு வருஷமும் விம்பிள்டனில் அரையிறுதி வரை வந்தவர் அவர். உலகத்தில் மூன்றாமவர் என்று 1933-இல் அவரைக் கணித்தார்கள். 1934-இல் டேவிஸ் கோப்பைக்காக ஜப்பானியக் குழு ஹகோனே மாரு என்ற கப்பலில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. ஸாட்டோவுக்கு உடம்பும் சரியில்லை, மனசும் சரியில்லை. சிங்கப்பூரில் இறங்கித் திரும்பிவிட நினைத்தார். டோக்கியோவிலிருந்து டென்னிஸ் சங்கத்தார், போக வேண்டும் என்று தந்தியடித்தார்கள். கப்பல் மலாக்கா ஜலசந்தியில் போய்க் கொண்டிருந்தபோது, ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு, அவர் கடலில் விழுந்து உயிரை விட்டார். வயது 26.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. புரொபஷனல் ஆட்டக்காரரை முதலாளியின் அடிமை என்றும், அமெச்சூரைச் சுதந்திர புருஷர் என்றும் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பேசுவார்கள். கூலி வாங்காத ஸாட்டோ ஒரு தந்திக்குக் கட்டுப்பட்டுக் கப்பலில் இருந்தார். கிரேமரிடம் கூலி வாங்கியவர்கள் உடம்பு சரியில்லை என்றால் சண்டை பிடித்திருப்பார்கள். சுதந்திரம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு இன்று வரை சந்தேகம் உண்டு.

இனிக் கிருஷ்ணனிடம் வருவோம். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். 1937 ஏப்ரலில் பிறந்தவர். தகப்பனார் டி.கே.ராமநாதன் நல்ல ஆட்டக்காரர். மகனுக்குக் குருவும் அவரே. பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்த சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் போட்டியில் விசேஷ அனுமதி வாங்கி ஆடி, 1951-இல் பரிசையும் வாங்கிக் கொண்டு போனார். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆசியர் அவர். இறுதியில் அவரிடம் தோற்ற பையனின் பெயர் ஆஷ்லி கூப்பர். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

கிருஷ்ணனுடைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைச் சங்கீதத்தோடு ஒப்பிடுவார்கள். ஒப்பிடுவது எளிது. விஷயம் என்னவென்றால், அவரிடம் பலமான சர்வீஸ் கிடையாது. ஆஸ்திரேலியர்கள் பந்தைச் சுத்தியால் அடிப்பதுபோல் அடித்துவிட்டு வலைக்கு ஓடி வருவார்கள். இவர் அந்த வேகத்தையே கடன் வாங்கி, மணிக்கட்டை லேசாகத் திருப்பி, அவர்கள் காலடியில் அல்லது கை எட்டாத மூலையில் பந்தை வைத்துவிடுவார். கட்டான உடம்பு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். அவசரமே தெரியாது. நல்ல பூட்டுக்காரர் அழுத்தித் திறக்க மாட்டார். சாவி எங்கே இடிக்கிறது என்று கேட்டுத் திறப்பார். எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு உவமை வராது, மன்னிக்கவும்.

1959-இல் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியின் இறுதியில் நீல் ஃப்ரேஸரை 6-3, 6-0 என்று அடித்தார். அதே வருஷம் அமெரிக்காவில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில், அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி வரை போயிருந்த ராட் லேவரையும் தோற்கடித்தார். கிரேமர் பெரிய வியாபாரி. ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே அவர் வலையில் விழுந்திருந்தவர்களில் ஒருவர் ஆஷ்லி கூப்பர். 1958-இல் விம்பிள்டன் சாம்பியனாகி, மறுவருஷத் தொடக்கத்திலேயே கிரேமரிடம் போய்விட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தம்மிடம் தோற்ற கூப்பருக்கு அங்கே பணம் கிடைக்கிறது என்பது கிருஷ்ணனுக்குத் தெரியாததல்ல.

கிரேமரின் வாழ்க்கை சுகமான வாழ்க்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஸ்பெஷல் நாடகக் கோஷ்டி அலைந்த மாதிரிதான். இன்று ஓர் ஊர், இரவு ஆட்டம், விடிவதற்குள் அடுத்த ஊர். கான்வாஸ் துணியில் கோடு போட்ட கோர்ட்டைச் சுருட்டி எடுத்துப் போய், போகிற ஊரின் கொட்டகைக்குள் விரித்துக் கட்டுவார்கள். சாம்பியனும் புதிதாக வந்தவரும் எதிரெதிரே ஆடிக் கொண்டே இருக்க வேண்டும். 1958-இல் கோன்ஸாலஸும் ஹோடும் இப்படி 87 ஆட்டம் ஆடினார்கள். கோன்ஸாலஸ் 51, ஹோட் 36. யார் ஜயித்தால் என்ன, தோற்றால் என்ன? மறுநாள் வேறு ஊரில் அதே இருவர்தான் ஆடப் போகிறார்கள். கொடியும் கிடையாது, தேசிய கீதமும் கிடையாது.

கிருஷ்ணன் மறுத்ததைத் தியாகம் என்று வர்ணித்தவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. தியாகம் என்று சொல்லிவிட்டால் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அவருக்கு விம்பிள்டன் ஆட வேண்டும், டேவிஸ் கோப்பை ஆட வேண்டும். இரண்டுக்கும் அவர் போட்ட விலை ஏழு லட்சத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவுதான். வியாபாரி தம் சரக்கைக் கொடுக்கவில்லை. அது அவர் இஷ்டம். ஆட்சேபிக்க வேண்டியது, ஒரு மனிதரை இப்படித் தேர்ந்தெடுக்கும்படி நிறுத்தி வைத்த விதியைத்தான்.

கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது? 1960-இல் விம்பிள்டன் அரையிறுதி. அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். அங்கே அவரை ஃப்ரேஸர் தோற்கடித்தார். குவீன்ஸ் கிளப்பில் 6-0 வாங்கிய அதே ஃப்ரேஸர். அந்த வருஷம் கோப்பையும் அவருக்கே. 1961-இல் கால் இறுதியில் ராய் எமர்ஸனை 6-1, 6-4, 6-4 என்று கிருஷ்ணன் அடித்தார். பிற்காலத்தில் எமர்ஸன் அடைந்த கீர்த்தியை அறிந்தவர்கள் இந்த எண்களை இரண்டு தரம் படிப்பார்கள். மறுபடி அரையிறுதி, இந்தத் தடவை லேவரிடம் தோல்வி. 1962-இல் போட்டிக்கு முன் போடும் வரிசையில் அவருக்கு நான்காவது இடம் கொடுத்தார்கள். இதுதான் வருஷம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது கணுக்கால் பிசகிப் பாதியிலேயே விலகினார். பிறகு அந்த உயரம் திரும்பவில்லை.

அந்த 1962-இல் லேவர் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வாங்கிவிட்டுப் புரொபஷனல் ஆனார். போனதும் என்ன ஆயிற்று தெரியுமா? முதல் 21 ஆட்டங்களில் 19-இல் தோற்றார். ரோஸ்வாலும் ஹோடும் அவரைத் துவைத்து எடுத்தார்கள். விம்பிள்டனில் உலகச் சாம்பியன் என்று மாலை போட்டவர், கான்வாஸ் கோர்ட்டில் மூன்றாமவர்! பழைய விதி எவ்வளவு பொய்யான விதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கிருஷ்ணனைத் தோற்கடித்தவரின் கதியே இது என்றால், கிருஷ்ணன் அங்கே போயிருந்தால் எப்படி ஆடியிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. கொட்டகையின் வேகமான தரையில், பலமான சர்வீஸ் இல்லாதவர் திண்டாடியிருப்பார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தினமும் ரோஸ்வாலோடு ஆடினால் எவருக்கும் சர்வீஸ் தேறிவிடும் என்று சொல்பவர்களையும் நான் மறுக்க மாட்டேன்.

1966-க்கு வந்தபோது அவருக்கு 29 வயது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேஸிலும் கல்கத்தா ஸௌத் கிளப்பில் மோதின. பிரேஸில் அந்த வருஷம் அமெரிக்காவையே வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று நின்றபின் கடைசி ஆட்டம்; கிருஷ்ணனுக்கு எதிரே தோமாஸ் கோக் என்ற இடது கை இளைஞர். ஜயிப்பவருடைய நாடு மெல்போர்ன் போகும்; தோற்றவருடைய நாடு ஊருக்குப் போகும்.

முதல் செட் கோக்குக்கு, 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு, 6-4. மூன்றாவது இழுத்துக் கொண்டே போய் 12-10 என்று கோக் பக்கம் சாய்ந்தது. அந்தக் காலத்தில் டை-பிரேக் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும் வரை ஆட வேண்டியதுதான். நான்காவது செட்டில் கோக் 5-2. அவருடைய அடுத்த கேமில் 30-15 என்று அவரே முன்னால் நிற்கிறார். இன்னும் இரண்டு புள்ளி.

ஷிமிஸுவுக்கு நியூயார்க்கில் கிடைக்காமல் போன அதே இரண்டு புள்ளி. தூரம் அதே தூரம். ஆனால் இங்கே கிருஷ்ணன் நின்றது டில்டன் நின்ற பக்கத்தில்.

அங்கிருந்து அவர் ஐந்து கேம்களைத் தொடர்ச்சியாக எடுத்தார். 7-5. ஐந்தாவது செட் 6-2. மறுநாள் பத்திரிகையைக் கையில் வைத்துக் கொண்டு நாங்கள் அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தோம்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. டென்னிஸ் கணக்கு தெரியாத சுருட்டுக் கடைக்காரர்கூட, "அந்தப் பத்து பன்னிரண்டு என்னது?" என்று கேட்டு விளக்கம் வாங்கிக் கொண்டார். ஜப்பான் 1921-இல் போய் நின்ற கடைசிச் சுற்றில், 45 வருஷம் கழித்து இன்னோர் ஆசிய நாடு போய் நின்றது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று ஜயித்தது. அந்த ஒன்று எது என்றால் இரட்டையர் ஆட்டம். நியூகோம்பும் ரோச்சும் ஒரு பக்கம்; கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் மறு பக்கம். 4-6, 7-5, 6-4, 6-4 என்று நம்மவர்கள் ஜயித்தார்கள். நியூகோம்ப், ரோச் ஜோடி பிற்காலத்தில் எத்தனை கோப்பைகளைக் குவித்தது என்பதைப் பார்த்தால் இந்த ஒன்றின் எடை தெரியும்.

ஆனால் விதி எப்போது மாறியது பாருங்கள். 1968 ஏப்ரலில், இங்கிலாந்தில் போர்ன்மௌத் என்ற ஊரில், அமெச்சூரும் புரொபஷனலும் ஒரே போட்டியில் ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த வருஷ விம்பிள்டனில் ஜயித்தவருக்கு 2,000 பவுன் பரிசு. பகிரங்கமாக, மேஜைக்கு மேலேயே கொடுத்தார்கள். வாங்கியவர் லேவர். அப்போது கிருஷ்ணனுக்கு 31 வயது. பெரிய ஆட்டங்களெல்லாம் முடிந்துவிட்டன. போதாக்குறைக்கு 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்து, டாலரை ரூபாய் 7.50 ஆக்கியிருந்தார்கள். அதே பூட்டுக் கடைத் திண்ணையில் ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: "டாலராவே வச்சிருந்தா இன்னைக்குப் பதினொண்ணே கால் லட்சம், தம்பி!" எங்கள் ஊர் எங்கள் ஊர்தான்.

ஜப்பானிலும் காலம் மாறியது. 1920 ஒலிம்பிக்ஸில் இச்சியா குமாகே என்ற வங்கி உத்தியோகஸ்தர் டென்னிஸில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். ஜப்பானுக்கு ஒலிம்பிக்ஸில் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். அதற்கு 96 வருஷம் கழித்து, 2016-இல், டென்னிஸில் அடுத்த பதக்கத்தை வாங்கியவர் கெய் நிஷிகோரி. பதினெட்டு வயது நிரம்புமுன்பே புரொபஷனல் ஆனவர். 2014-இல் அமெரிக்கப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்தவர். சம்பாதித்த பணத்தையும் வைத்துக் கொண்டு, தேசத்தின் பதக்கத்தையும் கழுத்தில் போட்டுக் கொண்டார்.

நம் பக்கத்தில் அது அதற்கு முன்பே ஒரே குடும்பத்துக்குள் நடந்தது. கிருஷ்ணன் எமர்ஸனை அடித்த அந்த 1961-இல், ஜூன் 5-ஆம் தேதி, அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ரமேஷ். தகப்பனார் வாங்கிய அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை 1979-இல் அவரும் வாங்கினார். அதே மென்மையான கை, அதே பலவீனமான சர்வீஸ். 1987-இல் அமெரிக்கப் போட்டியில் கால் இறுதி வரை ஆடிப் பரிசுப் பணம் வாங்கினார். அடுத்த மாதம், அக்டோபரில், ஸிட்னியின் புல்தரையில் டேவிஸ் கோப்பை அரையிறுதி. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்தில் ரமேஷ் வாலி மஸூரை 8-6, 6-4, 6-4 என்று தோற்கடித்து இந்தியாவை இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போனார். பரிசுப் பணம் வாங்கிய கையால் நாட்டுக்கு ஆடலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.